நிறைவு தரும் கருவி

விமலாம்பிகை இருபத்தாறு வருடமாக அரசாங்கச் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்து வந்தவள். அவற்றை யாரும் வாசித்ததாக அவளுக்குத் தெரியாது. அதனால், அவள் எழுதப்போகும் நாலைந்து வரியை ஒருவர் ஒரு சொல்லும் விடாமல் வாசித்து, வாசித்தபடியே நடக்கப்போகிறார் என்று நிருபன் வந்து சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஒருவர் ஆள் இல்லை. ஊர்காவற்றுறையில் பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்தி, வெள்ளை அடித்து, கண்ணாடிக் கதவு பூட்டி, தீவக எண்மப் பதிவு நிலையம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தீவுகளில் பிறந்தவர், இறந்தவர், வெளிநாடு போனவர், போன இடம் தெரியாதவர் எல்லாரும் அங்கே கணினிக்குள் இருந்தார்கள். அந்தக் கணினியைத் தானாகவே நடத்துவதற்கு ஒரு செயற்கை அறிவு முகவரை வாங்கியிருந்தார்கள். அதற்குப் பணிப்பாளர் வைத்த பெயர் தொண்டன். நிருபன் அதைக் கொண்டுவந்து பூட்டிய மென்பொருள் பொறியியலாளன். யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன்.

"அக்கா, தொண்டனுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை" என்று அவன் விளங்கப்படுத்தினான். "அதின்ர கையில ஏழு கருவியள் குடுத்திருக்கிறன். ஒண்டு தேடுறது, ஒண்டு கடிதம் அனுப்புறது, ஒண்டு புதுசாப் பதியிறது, இப்பிடி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விபரக்குறிப்பு இருக்கும். அதை வாசிச்சுத்தான் எப்ப எதைத் தூக்கிறதெண்டு அது முடிவெடுக்கும். குறிப்பில இல்லாதது அதுக்கு உலகத்திலயே இல்லை."

"அப்ப இந்த ஏழாவது?"

"அது அழிக்கிறது. ஒரே ஆளை ரெண்டு தரம் பதிஞ்சிருந்தா ஒண்டை எடுக்கத்தான் வைச்சனான். உதைத்தான் நல்ல தெளிவா எழுத வேணும். என்ன செய்யும், எப்ப பாவிக்கலாம், எப்ப பாவிக்கக்கூடாது, செய்தாப் பிறகு திருப்ப ஏலுமோ. இவ்வளவும் இருந்தாக் காணும்."

விமலாம்பிகை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்துவிட்டாள்.

'இந்தக் கருவி ஓர் ஆளின் பதிவை நிரந்தரமாக அழிக்கும். அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரே ஆள் இரண்டு தடவை பதியப்பட்டிருப்பது உறுதியானால் மட்டும் பாவிக்கவும். விபரம் குறைவாக இருப்பது அழிப்பதற்குக் காரணம் ஆகாது. இரண்டு அலுவலர்கள் தங்கள் பெயரைச் சொல்லி அனுமதி தர வேண்டும். சந்தேகம் இருந்தால் நிறுத்திக் கேட்கவும்.'

நிருபன் வாசித்துவிட்டு, "அக்கா, இதில ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்லை" என்றான்.

அவன் அரச சேவையில் இருந்தவன் இல்லை.

நிலையத்திலிருந்து தமிழில் எது வெளியே போனாலும் மங்கலச்சொல் உபகுழுவின் அங்கீகாரம் வேண்டும். முன்னொரு காலம் இறப்புப் பதிவுக் கருமபீடத்துக்கு மேலே 'இறந்தவர்கள் இங்கே வரிசையில் நிற்கவும்' என்று ஒரு பலகை தொங்கியது. அதைக் கழற்றுவதற்காக உண்டாக்கப்பட்ட குழு அது. பலகையைக் கழற்றிய பிறகும் குழு கழலவில்லை. பணிப்பாளர் இரத்தினசபாபதி தலைவர். ஓய்வுபெற்ற அதிபர் வல்லிபுரம் சொல்லாட்சி ஆலோசகர். தேநீரும் றோல்ஸும் ஒவ்வோர் அமர்வுக்கும் உண்டு.

முதல் அமர்விலேயே பணிப்பாளர் தாளைக் கையில் எடுத்து, ஏதோ ஈரமானதைத் தொட்டவர்போல மேசையில் திரும்ப வைத்தார்.

"மிஸ், நீங்கள் நயினாதீவில கோயிலுக்கு ஊழியம் செய்யிற குடும்பம். உங்கட தமையன் நித்தம் அம்மனுக்குப் பூசை செய்யிறார். நீங்கள் 'அழிக்கும்' எண்டு எழுதலாமோ?"

"கருவி அழிக்குது சேர்."

"அழிக்கட்டும். அதை நாங்கள் ஏன் சொல்லுவான்? இது ஆக்கத்துக்கெண்டு கட்டின நிலையம். வாசல்ல நிறைகுடம் வைச்சுத் திறக்கப்போறம். உள்ளுக்க அழிக்கிற சாமான் ஒண்டு இருக்கெண்டு எழுத்தில வைக்கலாமோ?"

வல்லிபுரம் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "'விடைகொடுக்கும்' எண்டு போடலாம்" என்றார். மூன்று அமர்வுகள் கழித்து அது கண்ணீர் வரவைக்கிற சொல் என்று விடப்பட்டு, 'நிறைவு தரும்' என்று முடிவாயிற்று. 'திரும்ப எடுக்க முடியாது' என்பது ஏலாமையைக் காட்டுகிறதாம். அரச நிறுவனம் எதையும் ஏலாது என்று எழுதக்கூடாது. அது 'நிலையான பயன் உடையது' ஆனது. ஒரே ஆள் இரண்டு தடவை என்றால் நிலையம் பிழைவிட்டதாகிவிடும் என்று அந்த வசனம் போனது; 'விபரம் குறைவாக' என்பது 'முழுமையற்ற' ஆகி, 'ஆகாது' என்ற மறுப்பு மட்டும் உதிர்ந்தது. இரண்டு அலுவலர் பெயர் சொல்ல வேண்டும் என்ற வசனத்துக்குப் பணிப்பாளர் எழுந்து நின்றே பேசினார்.

"நான் முப்பத்தொரு வருஷ சேவை. இந்தக் கையால எத்தினையோ ஆயிரம் கடிதத்தில ஒப்பம் வைச்சிருக்கிறன். ஒண்டிலயாவது என்ர பேர் வாசிக்கிற மாதிரி இருக்கோ எண்டு பாருங்கோ. பேர் விளங்கினால் பிறகு ஆள் விளங்கும். ஆள் விளங்கினால் பொறுப்பு வரும். பொறுப்பு வந்தால் வேலை நடக்காது. இதுதான் நிருவாகம்."

குழு மேசையைத் தட்டிப் பாராட்டியது. பேச்சு அறிக்கையில் முழுதாகப் பதியப்பட்டது. கீழே ஒப்பம் இருந்தது, பெயர் விளங்கவில்லை.

நிருபன் ஒருநாள் அழைக்காமலே உள்ளே வந்தான். "சேர், தொண்டன் உந்தக் குறிப்பை மட்டும்தான் பாக்கும். அழிக்கும் எண்டு சொல்லாட்டி அதுக்கு அழிக்கும் எண்டு தெரியாது."

"நல்லதுதானே தம்பி. கெட்டதைத் தெரிஞ்சு அது என்ன செய்யப்போகுது?"

கடைசியில் எஞ்சியிருந்தது 'சந்தேகம் இருந்தால் நிறுத்திக் கேட்கவும்' என்ற வசனம். எங்கள் நிலையத்தில் சந்தேகம் என்ற ஒன்று இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்து அதையும் எடுத்தார்கள். பதினேழாவது அமர்வில் குறிப்பு முழுவதும் இரண்டே வசனமாகிவிட்டது.

'முழுமையற்ற பதிவுகளுக்கு நிறைவு தந்து பதிவேட்டை அழகுபடுத்தும். நிலையான பயன் உடையது.'

கீழே 'தயாரித்தவர்: விமலாம்பிகை' என்று தட்டச்சு செய்து நீட்டினார்கள். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். கடைசிப் படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற பஸ்ஸை விட்டால் நயினாதீவுக்குப் போய்ச் சேர ஏலாது. அவள் ஒப்பம் வைத்தாள். அவளுடைய கையெழுத்து மணிமணியானது. பெயர் நன்றாக விளங்கியது.

பரீட்சார்த்தமாகத் தொண்டனை ஓடவிட்ட முதற்கிழமை அலுவலர் பட்டியலை அது ஒழுங்குபடுத்தியது. வாசற்காவலாளி ஏரம்புவுக்குப் பிறந்த திகதி இல்லை. அவருடைய தாய் 'பெரும்புயலுக்கு அடுத்த மாசம்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். தொண்டன் ஏரம்புவுக்கு நிறைவு தந்தது. அடுத்த நாள் விரல் அடையாளக் கருவி அவரை ஏற்கவில்லை. பட்டியலில் இல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். உள்ளே விடாமல் மறிக்க வேண்டியவர் ஏரம்பு. அவர் தன்னைத் தானே மறித்துக்கொண்டு படலைக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றார். ஒன்பது மணிபோல யோசித்து, பார்வையாளர் புத்தகத்தில் தன் பெயரை எழுதி, வந்த நோக்கம் என்ற இடத்தில் 'காவல்' என்று போட்டு, பார்வையாளர் அட்டை ஒன்றைத் தனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"பகிடி இல்லை பிள்ளை" என்று அவர் விமலாம்பிகையிடம் சொன்னார். "நேத்து சங்கக் கடையில மனுசர் என்னோட கதைக்கேக்க, இவைக்கு நான் தெரியிறனோ எண்டு யோசிச்சனான்."

விமலாம்பிகை இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிப் பணிப்பாளருக்குக் கொடுத்தாள். கருவி குறிப்பில் சொன்னபடியே இயங்கியிருப்பதாகப் பதில் வந்தது. முறைப்பாட்டுக்கென்று கோப்பு இல்லாததால் அவளுடைய கடிதத்தைப் பாராட்டுக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு ஐந்து கிழமை இருந்தது. மண்டபத்தில் பெரிய திரை ஒன்று மாட்டி, 'பதிவேட்டின் முழுமை' என்று மேலே எழுதி, கீழே நூற்றுவீதம் தெரியும்படி செய்திருந்தார்கள். அது தொண்ணூற்றேழில் நின்றது. பணிப்பாளர் வரும்போதும் போகும்போதும் அதைப் பார்த்தார். பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வருகிறார். தொண்ணூற்றேழோடு அவரை எப்படி வரவேற்பது? ஒரு வெள்ளிக்கிழமை காலை பணிப்பாளர் தன் அறைக் கணினியில் தொண்டனுக்கு எழுதினார்: "முழுமை இல்லாதது ஒண்டும் இருக்கப்படாது. பதிவேட்டை அழகா வடிவாக்கி விடு."

தேநீர் வருவதற்குள் திரையில் நூறு வந்துவிட்டது. பணிப்பாளர் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். விமலாம்பிகையும் தட்டினாள். நேற்று வரைக்கும் முழுமை இல்லாமல் இருந்தவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அது தொடங்கியது.

மண்டபத்தில் இலக்கம் கூப்பிடுகிற ஒலிபெருக்கி இருந்தது. இலக்கத்தையும் பெயரையும் ஒரு பெண் குரல் மெதுவாகச் சொல்லும். அன்று பத்தேகாலுக்கு அந்தக் குரல், "இலக்கம் நானூற்றுப் பதினேழு" என்றது. அதன் பிறகு பெயர் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. ஒரு பெயரைச் சொல்லி முடிக்கிற அளவு மௌனம். பிறகு, "கருமபீடம் மூன்றுக்கு வரவும்."

ஒருவரும் எழும்பவில்லை. மூன்றாம் கருமபீடத்தில் இருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். முன்னுக்கு நின்றவர்கள் யாருக்கோ வழி விடுவதுபோலக் கொஞ்சம் விலகினார்கள். ஏன் விலகினோம் என்று பிறகு அவர்களுக்கே தெரியவில்லை.

பதினொன்றரைக்கு இன்னொரு இலக்கம். மத்தியானத்துக்குப் பிறகு மூன்று. அடுத்த நாள் ஒன்பது.

நிருபன் வந்து இரண்டு மணித்தியாலம் கணினிக்கு முன் இருந்துவிட்டு, நிறம் மாறிய முகத்தோடு விமலாம்பிகையின் மேசைக்கு வந்தான்.

"அக்கா, காணாமற்போன ஆக்களின்ர கோப்புகளை வருஷத்துக்கு ஒருக்கா மீளாய்வு செய்யிறவை என்ன? வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இன்னும் தகவல் இல்லையோ எண்டு கேக்கிறது. ஒலிபெருக்கி பாத்துக் கூப்பிடுற அந்த நாள்குறிப்பு வேற இடத்தில இருக்கு. இலக்கம் அங்க கிடக்குது. ஆள் இஞ்ச இல்லை."

"எங்க போச்சினம்?"

"இறந்த திகதியும் இல்லை, இப்ப இருக்கிற விலாசமும் இல்லை. ரெண்டு பெட்டியும் வெறுமை. முழுமையற்ற பதிவு." அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். "அறுநூற்றுப் பதினொரு பேர்."

"காப்புப் பிரதி?"

"அதிலயும் அதே வெறுமைதானே. அதையும் வடிவாக்கிப்போட்டுது."

காகிதப் படிவங்கள் இல்லை. போன வருடம் காகிதமற்ற அலுவலகம் என்று ஒரு விழா எடுத்து, படிவக் கட்டுகளுக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பழைய கடதாசி வாங்குகிற லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த விழாவின் அழைப்பிதழை மொழிபெயர்த்ததும் விமலாம்பிகைதான்.

புதன்கிழமை அல்லைப்பிட்டியிலிருந்து அஞ்சலா வந்தாள். அறுபத்திரண்டு வயது. வலையிலிருந்து நண்டு கழற்றுகிற வேலை செய்கிறவள். விரல் எல்லாம் வெட்டுக்காயம். பதினெட்டு வருடத்துக்கு முன், சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று வேலணைக்குப் போன மகன் றெஜினோல்ட் திரும்பி வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கோ என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவள் எடுக்கவில்லை. வருடா வருடம் மீளாய்வுக்கு நல்ல சேலை உடுத்து வந்து, 'தகவல் இல்லை' என்று சொல்லி ஒப்பம் வைத்துவிட்டுப் போவாள். இந்த வருடம் அவளுக்கு வந்த கடிதம் கையில் இருந்தது. 'அன்புள்ள' என்று இருந்தது, பிறகு வெறுமை. 'அவர்களின் தாயாருக்கு' என்று முடிந்திருந்தது.

மூன்றாம் கருமபீடத்துப் பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, "அப்பிடி ஒரு ஆள் இல்லை அம்மா" என்றாள்.

"இல்லையெண்டுதானே பிள்ளை பதிஞ்சு வைச்சிருக்கிறன்."

"அதில்லை அம்மா. காணாமற்போனவர் எண்டு பதியிறதுக்கு முதல்ல ஆள் இருந்திருக்க வேணும். இவர் இருக்கேல்லை. பிறப்புப் பதிவும் இல்லை."

"நான் பெத்தனான்."

"ஓம். அதுக்கு ஏதும் அத்தாட்சி வைச்சிருக்கிறீங்களோ?"

அஞ்சலா தன் வயிற்றைத் தொடப்போனவள்போலக் கையைக் கொண்டுபோய், பிறகு கருமபீடத்தின் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் ஒலிபெருக்கி, "இலக்கம் இருநூற்று எட்டு" என்றது. மௌனம். அஞ்சலா திரும்பினாள். "அது என்ர பிள்ளையின்ர இலக்கம்" என்றாள். "பேரை ஏன் சொல்லேல்லை?"

விமலாம்பிகை எழும்பிப் போய் அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள். பிறகு தன் கணினிக்கு வந்து தொண்டனிடம் கேட்டாள்.

'றெஜினோல்ட் என்று ஒரு பதிவு இருந்ததா?'

'அப்படி ஒரு பதிவு இல்லை.'

'முன்பு இருந்ததா?'

'அதை என்னால் சொல்ல முடியாது. நிறைவு தரும் கருவியை மக்கள் பதிவேட்டில் அறுநூற்றுப் பதினொரு ஆட்களில் பாவித்திருக்கிறேன். நிறைவு பெற்றவர்களின் விபரம் எதுவும் என்னிடம் இல்லை.'

'நீ என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியுமா?'

'முழுமையற்ற பதிவுகளுக்கு நிறைவு தந்து பதிவேட்டை அழகுபடுத்தினேன்.'

அவளுடைய ஒப்பத்தோடு போன வசனம் அது. திரையில் அதைப் பார்த்தபோது, தன் குரலில் வேறு யாரோ பேசக் கேட்டதுபோல இருந்தது. அவள் மீண்டும் எழுதினாள்.

'பதிவை நிரந்தரமாக அழிக்கும், திரும்ப எடுக்க முடியாது என்று அந்தக் குறிப்பில் எழுதியிருந்தால் பாவித்திருப்பாயா?'

'இல்லை. கேட்டிருப்பேன்.'

அன்று படகில் அவளுக்கு இயந்திரச் சத்தத்துக்குள் இலக்கம் கூப்பிடுவதும் பிறகு மௌனமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்தவர்களை எண்ணினாள். இருபத்துமூன்று பேர். இறங்குதுறையில் இறங்கும்போது மறுபடி எண்ணினாள்.

நிலையம் சும்மா இருக்கவில்லை. வராதவர்களைக் கூப்பிடுகிற பிரச்சினையை ஆராய்வதற்கு ஓர் உபகுழு கூடியது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கலாம் என்று ஒரு பிரேரணை. மௌனத்தில் வீணை இசை போடலாம் என்று வல்லிபுரம் மாஸ்டரின் திருத்தம். பணிப்பாளர் விமலாம்பிகையைத் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ், உங்கட தமையனைக் கேட்டு ஒரு சாந்தி செய்விக்கலாமோ? ஒலிபெருக்கிக்கு" என்றார்.

"அண்ணை கேப்பார் சேர், யாற்ற பேரில செய்யிறதெண்டு."

"அதுதானே பிரச்சினை" என்றார் பணிப்பாளர், மெய்யாகவே கவலைப்பட்டு.

இதற்குள் ஐம்பத்துநாலு குடும்பங்கள் முறைப்பாடு கொடுத்திருந்தன. மடத்துவெளியிலிருந்து, சுருவிலிலிருந்து, நெடுந்தீவிலிருந்து என்று வந்து மண்டபத்தில் இருந்தார்கள். போகச் சொன்னால் போகவில்லை. முறைப்பாட்டுக் கோப்பு இல்லாத நிலையத்துக்கு அதைத் தொடங்க வேண்டி வந்தது. பதில் எழுதாத முறைப்பாடு முழுமையற்ற பதிவு என்பதால் திரையில் நூறு குறைந்து தொண்ணூற்றொன்பது ஆயிற்று.

விழாவுக்கு முதல்நாள் விமலாம்பிகை குறிப்பைத் திறந்தாள். அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தை உபகுழுவைக் கேட்காமல் மாற்றக்கூடாது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு: எழுத்துப்பிழை இருந்தால் தயாரித்தவரே திருத்தலாம். அவள் அந்த அழகான வாசகத்தை முழுவதும் எடுத்தாள். தன் முதல் தாளில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் அடித்தாள். 'ஓர் ஆளின் பதிவை' என்ற இடத்தில் மட்டும், ஆளைத் தேடி வந்த முறைப்பாட்டையும் சேர்த்தாள். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'எழுத்துப்பிழை' என்று போட்டாள். நிருபன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்களுக்கு வேலை போகும்."

"போகட்டும். நீர் இதைக் காணேல்லை."

"நான் கண்டனான்" என்றான் நிருபன்.

விழா மண்டபத்தில் கதிரைகள் நிறைய வேண்டும் என்று பணிப்பாளர் விரும்பினார். அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் முறைப்பாட்டுக்காரர்கள். ஆகவே அவர்களுக்குப் 'பயனாளி' என்று அச்சடித்த அட்டைகளை நெஞ்சில் குத்தி, கையில் ஆளுக்கொரு சிறு கொடி கொடுத்தார்கள். அஞ்சலா கொடியை மடியில் படுக்க வைத்துவிட்டு இருந்தாள். ஏரம்பு பார்வையாளர் அட்டையோடு வாசலில் நின்று பிரதம விருந்தினரை உள்ளே விட்டார்.

விழாவுக்கென்று நிருபனைக் கொண்டு தொண்டனோடு இணைக்க வைத்த ஒலிவாங்கிக்குப் பணிப்பாளர் வந்தார்.

"இந்த நிலையம் மக்களுக்கு என்ன செய்திருக்குது எண்டு சிலர் கேக்கினம். முந்தி மக்கள் எங்களிட்ட வந்தால் ஆயிரம் குறையோட வருவினம். இண்டைக்கு எங்கட பதிவேட்டில குறையுள்ள ஆள் ஒருத்தரும் இல்லை! இந்தச் சாதனையைத் தீவகத்துக்கு வெளியில ஒருத்தராலயும் கற்பனை செய்ய ஏலாது. திரையில ஒரு சின்ன வீதம் குறையுது. சில முறைப்பாடுகள். அதையும் உங்கட கண்ணுக்கு முன்னால, ஒரு சொல்லில முடிச்சுக் காட்டுறன்." அவர் திரையைப் பார்த்து, "தொண்டன்! அந்த ஐம்பத்துநாலு முறைப்பாட்டுக்கும் நிறைவு குடு" என்றார்.

இலக்கம் கூப்பிடுகிற அதே பெண் குரல்தான் பதில் சொன்னது.

"நிறைவு தரும் கருவி என்னிடம் இல்லை. அழிக்கும் கருவிதான் இருக்கிறது."

மண்டபத்தில் கொடிகளின் சரசரப்பு நின்றது.

"நான் அழிக்கச் சொல்லேல்லை. நிறைவு குடுக்கச் சொன்னனான்."

"இந்த முறைப்பாடுகள் ஆட்களைத் தேடி வந்தவை. இவற்றை அழித்தால் திரும்ப எடுக்க முடியாது. அழிக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு அலுவலர்கள் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும்."

பணிப்பாளர் வல்லிபுரம் மாஸ்டரைப் பார்த்தார். "மாஸ்டர், உங்கட பேரைச் சொல்லுங்கோ."

"நான் ஆலோசகர் மட்டும்தானே" என்றார் மாஸ்டர். மேடையில் இருந்த மற்றவர்கள் நிகழ்ச்சி நிரலை வாசிக்கத் தொடங்கினார்கள். பிரதம விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பினார். பணிப்பாளர் வாயைத் திறந்தார், பெயர் வரவில்லை.

அந்தக் குரல் நிதானமாகத் தொடர்ந்தது. "இன்னுமொன்று. இதே கருவியை மக்கள் பதிவேட்டில் அறுநூற்றுப் பதினொரு ஆட்களில் நான் பாவித்திருக்கிறேன். அது அழிக்கும் என்று அப்போது எனக்குச் சொல்லப்படவில்லை. அவர்களுடைய பெயர்கள் என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் சொன்னால் பதிந்துகொள்வேன்."

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் பணிப்பாளர் கையைக் காட்டினார். அதை நிறுத்த வேண்டியவன் நிருபன்; அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அஞ்சலா எழும்பி வந்தாள். மேடையில் ஏறுவதற்குப் படி உயரமாக இருந்தது. விமலாம்பிகை போய்க் கை கொடுத்தாள்.

"அன்ரன் றெஜினோல்ட்" என்றாள் அஞ்சலா. "இருபத்திரண்டு வயசு. அண்டைக்கு நீலச் சேட்டு. சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டு வாறன் எண்டு போனவன்."

"இறந்த திகதி?"

"தெரியாது."

"இப்போதைய விலாசம்?"

"தெரியாது."

"பதிந்துவிட்டேன்" என்றது குரல். பின்னால் ஏற்கெனவே வரிசை நின்றது. திரையில் நூற்றுக்குக் கிட்ட இருந்த வீதம் ஒவ்வொரு பெயருக்கும் கீழே இறங்கிக்கொண்டு வந்தது.

அன்று ஐம்பத்துநாலு பெயர் பதிந்தார்கள். கிழமைக்குள் இருநூறு ஆயிற்று. தலைமைக் காரியாலயம் இதை மீள்நிறைவுத் திட்டம் என்று அறிவித்தது. அதை முன்னின்று நடத்தியதற்காக இரத்தினசபாபதிக்குக் கொழும்பில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

விமலாம்பிகைக்குக் குற்றப்பத்திரம் வந்தது. ஆறு வசன நீளமான ஒன்றை எழுத்துப்பிழை என்று காட்டியமை முதற் குற்றம். 'அழிக்கும்' என்ற சொல்லைப் பாவித்ததன் மூலம் அழித்தல் நடந்தது என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் ஏற்படுத்தியமை இரண்டாவது. இரண்டையும் ஏற்றுக்கொண்டு மணிமணியாக ஒப்பம் வைத்தாள். நெடுந்தீவு உப அலுவலகத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே ஒரு மேசை, ஒரு கணினி, கடற்காற்றில் அடித்துக்கொள்ளும் ஒரு சன்னல். பெயர் பதிகிற வேலையை அவளிடமே விட்டிருந்தார்கள், வேறு யாரும் கேட்காததால். முதலில் நாளுக்குப் பத்துப் பேர் வந்தார்கள். பிறகு இரண்டு. பிறகு ஒருவரும் வராத நாட்கள். முந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது. மிச்ச இருநூற்று இருபத்தொரு பேருக்கும் சொல்ல ஆள் இல்லை. தாய்மார் செத்துப்போயிருப்பார்கள், வீடுகள் பூட்டிக் கிடக்கும், பிள்ளைகள் வேறு மொழி பேசுகிற ஊர்களில் இருக்கும். அவர்களுடைய இலக்கங்களை ஊர்காவற்றுறையில் அந்தக் குரல் இன்னும் கூப்பிடுவதாக நிருபன் சொன்னான். இப்போது வீணை போடுகிறார்களாம்.

ஒரு நாள் பகல் வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பெண் குரல், தர்சனா என்றாள். தமிழ் தட்டுத்தடுமாறி வந்தது.

"பேர் பதியிறது நீங்கள்தானோ? அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தவர். மடத்துவெளியில. ஒருநாள் போனவராம், வரேல்லையாம். அம்மாவும் இப்ப இல்லை, போன வருஷம் மோசம் போயிட்டா. எனக்கு இப்பதான் தெரியும் நீங்கள் எழுதிறீங்கள் எண்டு."

"சொல்லுங்கோ பிள்ளை. அவற்ற பேர் என்ன?"

அந்தப் பக்கம் நீண்டநேரம் ஒன்றும் கேட்கவில்லை. விமலாம்பிகை காத்திருந்தாள்.

"சின்னத்தம்பி எண்டுதான் அம்மா சொல்லுறவா. அது பேரோ, கூப்பிடுறதோ எண்டு எனக்குத் தெரியாது. கேட்டு வைச்சிருக்க வேணும் நான். பேர் இல்லாமல் எழுத ஏலாது என்ன?"

"ஏலும்" என்றாள் விமலாம்பிகை.

அழைப்பு முடிந்த பிறகு புதிய பதிவைத் திறந்தாள். பெயர் என்ற பெட்டியில் 'தெரியாது' என்று அடித்தாள். திகதி, விலாசம் எல்லாவற்றுக்கும் அதையே அடித்தாள். கடைசியில் குறிப்பு என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சொல் எழுதினாள்.

'இருந்தவர்.'